ஜன்னல் கண்ணாடியில் தொடங்குங்கள்

கண்ணாடிக் கலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பி என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, வண்ணக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அமெரிக்காவிலிருந்து தருவிக்க வேண்டும், கப்பல் கூலியும் சுங்க வரியும் தனி என்று சொன்னதும் பாதிப் பேருக்கு ஆசை வடிந்துவிடுகிறது. வடிய வேண்டியதில்லை. முதல் ஒரு வருடத்துக்கு அந்தக் கண்ணாடி உங்களுக்குத் தேவையே இல்லை. ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் கடைத்தெருவில் அறுத்துக் கொடுக்கிறார்களே, அந்த 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும். அது ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது.

நான் திருச்சியில் மாமாவின் கண்ணாடிக் கடையில் வளர்ந்தவன். அதனால் ஜன்னல் கண்ணாடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே பரிந்து பேசுவேன். ஆனால் காரணம் பாசம் மட்டுமல்ல. உருக்கும் கண்ணாடியில் தேர்ச்சி என்பது ஒரு குறிப்பிட்ட கண்ணாடி எந்தச் சூட்டில் வளைகிறது, எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு மெதுவாக ஆற வேண்டும் என்று கையும் கண்ணும் அறிந்திருப்பதுதான். அதற்கு ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பச் சுட வேண்டும். விலை உயர்ந்த கண்ணாடியை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சுடுவதில்லை, கை நடுங்கும். கடையில் மிஞ்சும் துண்டுக் கண்ணாடியை எடைக்குக் கேட்டால் தருவார்கள், பழகிவிட்டால் சும்மாவே தருவார்கள்.

ஊதுவதா, சூளையில் உருக்குவதா

கண்ணாடிக் கலை என்றதும் நீண்ட குழாயின் நுனியில் செந்நிறக் குமிழை ஊதும் காட்சிதான் பலருக்கு நினைவில் வருகிறது. அழகான வேலைதான். ஆனால் ஊதுவதற்கு உலை வேண்டும். கண்ணாடி 1,100 டிகிரிக்கு மேல் இரவும் பகலும் உருகியபடியே இருக்க வேண்டும். உலையை அணைத்து அணைத்து ஏற்றினால் உள்ளே கண்ணாடியைத் தாங்கியிருக்கும் மூசை என்ற பாத்திரம் விரிசல் விட்டுவிடும். கூடவே இரண்டு மூன்று கைத்துணை வேண்டும்.

1962-இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டனும் டொமினிக் லபினோவும் நடத்திய பயிலரங்குகளைத்தான் இன்றைய ஸ்டூடியோ கண்ணாடிக் கலையின் தொடக்கமாகச் சொல்வார்கள். தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய உலையில் கண்ணாடியை உருக்க முடியும் என்று அங்கே காட்டினார்கள். அப்படியும் ஊதும் வேலை கூட்டு வேலையாகவே இருந்து வருகிறது. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி 1976-இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார், 1979-இல் தோளிலும் அடிபட்டது. அதற்குப் பிறகு அவர் குழாயைப் பிடிக்கவில்லை. வரைந்து கொடுக்கிறார், குழுவை நடத்துகிறார், குழு ஊதுகிறது. அவருடைய புகழ் பெற்ற படைப்புகளில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான்.

நம் ஊரில் தனியாக, வீட்டின் பின்கட்டில் ஒரு கொட்டகை போட்டுத் தொடங்குகிறவருக்கு மின்சூளைதான் பொருந்தும். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது அணைக்கலாம். டார்ச் நெருப்பில் மணி செய்வது மூன்றாவது வழி. உத்தரப் பிரதேசத்தில் புர்தில்நகர் என்ற ஊர் முழுக்க அந்தத் தொழில்தான். எனக்கு அதில் பழக்கம் கிடையாது, எனவே விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு இரண்டு முகம்

இன்று கடையில் கிடைக்கும் வழவழப்பான தட்டைக் கண்ணாடி ஏறக்குறைய எல்லாம் ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்க விட்டு இழுப்பார்கள். 1959-இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் இந்த முறையை அறிவித்தது. வெள்ளீயத்தில் கிடந்த பக்கம் அந்த உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் உறிஞ்சிக்கொள்ளும், காற்றைப் பார்த்திருந்த பக்கம் சுத்தமாக இருக்கும். ஜன்னலுக்கு எந்தப் பக்கம் வெளியே இருந்தாலும் ஒன்றுதான். சூளையில் அப்படி இல்லை. வெள்ளீயப் பக்கம் வளையும்போதோ சுருங்கும்போதோ பால் படர்ந்தாற்போல மங்கும். மேலே பூசிச் சுடும் எனாமல் வண்ணங்களும் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை.

எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு இதற்கு உதவாது, அதன் அலைநீளம் வேறு. அறையை இருட்டாக்கி, விளக்கைக் கண்ணாடியின் முகத்தில் சாய்வாகப் பிடியுங்கள். வெள்ளீயப் பக்கமாக இருந்தால் பரப்பில் மெல்லிய பாலொளி எழும். திருப்பிப் பிடித்தால் அந்த ஒளி வராது, விளக்கின் ஊதா நிறம் மட்டும் மினுங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையிலும் அந்த ஒளியை நேரே காட்டக் கூடாது. கண்டுபிடித்ததும் மூலையில் மார்க்கரால் ஒரு குறி போட்டுவிடுங்கள். நான் வெள்ளீயப் பக்கத்தை எப்போதும் கீழே வைப்பேன், வண்ணம் எப்போதும் காற்றுப் பக்கத்தில். நீங்கள் வேறு வழக்கம் வைத்துக்கொண்டாலும் சரி, அதை மாற்றாமல் இருங்கள்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம், பின்பூச்சு புகையும். அலுவலகக் கட்டடங்களுக்குப் போடும் பூச்சுக் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்த லேமினேட் கண்ணாடி இரண்டும் வேண்டாம். சூடாக்கிச் சட்டென்று ஆற்றி உறுதியாக்கிய, டஃபன் செய்த கண்ணாடியை அறுக்கவே முடியாது, கட்டரை வைத்து அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பாட்டில்களை உருக்கலாம், ஆனால் ஒரு பாட்டிலோடு இன்னொரு பாட்டிலையோ ஜன்னல் கண்ணாடியையோ சேர்க்காதீர்கள். சூட்டில் விரியும் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு. இரண்டு அடுக்குகளையும் ஒரே தாளிலிருந்து வெட்டிக்கொள்வதுதான் உத்தமம்.

வெட்டுவது

இதைக் கண்ணாடிக் கடையில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓரமாக நிற்க அனுமதி கேளுங்கள். கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. சத்தம் சீராக "சர்ர்" என்று வர வேண்டும். வெண்பொடி உதிர்ந்தால் அழுத்தம் அதிகம். கோடு போட்ட உடனே ஒடித்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து ஒடிக்கப் பார்த்தால் கோணலாகப் போகும். "மாப்பிள்ளை, கோடு ஒன்றுதான். அதன் மேலேயே இரண்டாம் முறை இழுத்தால் கட்டருக்கும் கேடு, கண்ணாடிக்கும் கேடு" என்று மாமா சொல்வார். நான் என்னிடம் கற்க வருகிறவர்களிடம் அதையே சொல்கிறேன்.

வெட்டிய விளிம்பைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதேபோல் பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். தூசி எழும் வேலை எதுவானாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூளை

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் தொழிற்சாலைகளுக்கு மின்சூளை கட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவைச் சொன்னால் செய்து தருவார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: கம்பிச்சுருள் கூரையிலும் இருக்க வேண்டும். மண்பாண்டச் சூளையில் சுருள் பக்கச் சுவர்களில் மட்டுமே இருக்கும். அதில் அகலமான கண்ணாடியை வைத்தால் விளிம்பு முதலில் சூடேறி நடுப்பகுதி பின்தங்கும், கண்ணாடி பிளந்துவிடும்.

சூளையின் விலையில் மிச்சம் பிடிக்கலாம், கட்டுப்பாட்டுக் கருவியில் பிடிக்கக் கூடாது. ஒரு மணிக்கு இத்தனை டிகிரி ஏறு, இங்கே இத்தனை நிமிடம் நில், இந்த வேகத்தில் இறங்கு என்று பல படிகளை எழுதிவைக்கக்கூடிய பி.ஐ.டி. கருவி வேண்டும். கே வகை வெப்ப உணர்கருவி போதும். கருவியை அமைக்கும்போதே மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்துவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு நாளிதழில் வரும். அதைப் பார்க்காமல் நான் சூளை மூட்டுவதில்லை. சூளைக்கென்று தனி மீட்டர் ஒன்றும் மாட்டுங்கள், காரணத்தை விலை பேசும் இடத்தில் சொல்கிறேன்.

சூளைத் தட்டில் கண்ணாடி ஒட்டாமலிருக்க அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சம அளவு கலந்து, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, அகலமான மென்தூரிகையால் நான்கைந்து பூச்சுகள் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மாற்றி மாற்றிப் பூச வேண்டும். தூரிகைத் தடம் இருந்தால் அந்தத் தடம் அப்படியே கண்ணாடியின் அடியில் பதியும். ஒவ்வொரு முழு உருக்குக்குப் பிறகும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பழைய பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

முதல் உருக்கு

4 மி.மீ. கண்ணாடியில் ஒரே அளவாக இரண்டு துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. ஏன் இரண்டு? நன்றாக உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் ஏறக்குறைய 6 மி.மீ. கனத்தை நாடும். ஒற்றைத் தாளை வைத்தால் அது உள்வாங்கிச் சுருங்கி, ஓரங்கள் முள்முள்ளாக நிற்கும். 8 மி.மீ. என்றால் சற்றே பரவி, விளிம்பு உருண்டையாக வரும்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான தண்ணீரில் அலசி, பஞ்சு ஒட்டாத துணியால் துடையுங்கள். கைரேகை ஒன்று உள்ளே மாட்டினாலும் கடைசிவரை தெரியும். என் சூளையில் நான் வைக்கும் கணக்கு இது: மணிக்கு 100 டிகிரி வீதம் 540 வரை, அங்கே 20 நிமிடம். பிறகு மணிக்கு 60 வீதம் 690 வரை, அங்கே அரை மணி நேரம், இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ள காற்று வெளியேற அவகாசம் வேண்டும். அங்கிருந்து முழுவேகத்தில் 830, கால் மணி நேரம். பிறகு சூளையைத் திறக்காமல் 550-க்கு இறங்கவிட்டு, இரண்டு மணி நேரம் நிறுத்துவேன். அதன்பின் மணிக்கு 50 வீதம் 430 வரை, மணிக்கு 90 வீதம் 360 வரை, பிறகு அணைத்துவிடலாம். கைச்சூட்டுக்கு வரும்வரை கதவைத் தொடுவதில்லை. உங்கள் சூளையின் உணர்கருவி வேறு உயரத்தில் இருந்தால் 830 என்பது 815 ஆகவோ 845 ஆகவோ மாறலாம். அதை நீங்கள்தான் சிறு துண்டுகளைச் சுட்டுக் கண்டறிய வேண்டும்.

திறந்து பார்க்கும்போது மேற்பரப்பு பளபளப்பாக இல்லாமல் வெள்ளை படிந்து சொரசொரப்பாக இருந்தால், கண்ணாடி 700 டிகிரிக்கு மேல் தேவைக்கு அதிகமான நேரம் கிடந்து பரப்பில் படிகம் கட்டிவிட்டது என்று பொருள். ஜன்னல் கண்ணாடிக்கு இந்தக் குணம் அதிகம். இதற்கு நாட்டு மருந்துக் கடையில் மருந்து இருக்கிறது, வெங்காரம். பொற்கொல்லர்கள் பற்றவைக்கும்போது தொட்டுக்கொள்ளும் அதே வெங்காரம்தான். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, வடிகட்டி, மேல் தாளின் மீது பனி படிந்ததுபோல் தெளித்துக் காயவிட்டுச் சுட்டால் பரப்பு தெளிவாக வரும். அதிகமாகத் தெளித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆறவைப்பதுதான் வேலை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. சில சமயம் இறங்கி முடித்து மாதங்கள் கழித்து, வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில்.

வெளிப்பரப்பு முதலில் ஆறி இறுகும், உள்ளே இன்னும் இளகியிருக்கும். பிறகு உள்பகுதி சுருங்கப் பார்க்கும்போது ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்பகுதி விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு 545 டிகிரி சுமாரில் இந்த இறுக்கம் சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடும், 510-க்குக் கீழே போனால் தளரவே தளராது. ஆகவே இந்த இடைவெளியில் கண்ணாடி முழுவதும் உள்ளும் புறமும் ஒரே சூட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அனீலிங்.

கனம் கூடும்போது புதியவர்கள் கணக்கில் தவறுவது இங்கேதான். கனம் இரட்டித்தால் இறங்கும் வேகத்தைப் பாதியாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கால்வாசியாக்க வேண்டும். 8 மி.மீ.க்கு மணிக்கு 50 டிகிரி என்றால் 16 மி.மீ.க்கு 12 அல்லது 13. கனமான வார்ப்புச் சிற்பங்கள் வாரக்கணக்கில் சூளைக்குள் கிடப்பது இதனால்தான். செக் நாட்டுக் கண்ணாடிச் சிற்பிகள் லிபென்ஸ்கி, பிரிக்தோவா தம்பதியின் பிரம்மாண்டமான வார்ப்புகளைப் படத்தில் பார்க்கும்போது நான் முதலில் நினைப்பது அவை ஆறிய காலத்தைத்தான். அமெரிக்காவின் பாலோமர் தொலைநோக்கியின் 200 அங்குல ஆடியை கார்னிங் நிறுவனம் 1934 டிசம்பரில் வார்த்தது, ஆறவைக்கச் சுமார் பத்து மாதம் ஆனது. நடுவில் ஆற்று வெள்ளம் வந்து மின்சாரம் நின்றுபோனது. அப்படியும் ஆடி பிழைத்தது. நம் சூளையில் மின்சாரம் நின்றால் செய்ய வேண்டியதும் அதுதான்: திறக்காதீர்கள். முழுக்க ஆறிவிட்டால், மெதுவாக மறுபடி 550-க்கு ஏற்றி அங்கிருந்து இறக்குங்கள்.

இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழுதான எல்.சி.டி. திரையிலிருந்து போலரைசர் என்னும் துருவத் தாளை உரித்தெடுங்கள், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். விளக்கின் மேல் ஒரு தாள், அதன் மேல் இன்னொரு தாளைப் பிடித்துத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரண்டும் சேர்ந்து கறுத்துவிடும். இப்போது நடுவில் உங்கள் கண்ணாடியை நுழையுங்கள். கறுப்பாகவே இருந்தால் நன்றாக ஆறியிருக்கிறது. மூலைகளில் வெண்ணொளி கசிந்தால் இறுக்கம் மிச்சமிருக்கிறது. ஒரு சிறு வண்ணச் சில்லை உருக்கி ஒட்டியிருந்தால் அதைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். வட்டம் தெரிந்தால் அந்த இரண்டு கண்ணாடிக்கும் ஒத்துவராது. எந்த அட்டவணையையும்விட இந்த இரண்டு தாள்களை நான் நம்புகிறேன். வெளியே போகும் ஒவ்வொரு கண்ணாடிப் பலகையையும் இதில் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

வண்ணமும் காற்றும்

வண்ணக் கண்ணாடி இல்லாமல் என்ன செய்வது? நிறைய. கனம் குறைந்த செப்புத் தகட்டைக் கத்தரித்து இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்தால் கருஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்புவரை வரும், ஓரங்களில் சில சமயம் நீலப்பச்சை கசியும். செம்பு கொடுக்கும் சிவப்பு நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குழாயாக இழுத்து நறுக்கிய சிறு மணிகளில் செந்நிற மணிகளுக்கு நிறம் தந்தது செம்புதான். அந்த இழுக்கும் முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை நீடித்திருக்கிறது.

என் சொந்த வேலை பெரும்பாலும் காற்றில்தான். கீழ்த் தாளில் கோலப் புள்ளி வைப்பதுபோல், புள்ளி வர வேண்டிய இடங்களில் ஊசிமுனையால் ஆப்பசோடாவைத் தொட்டு வைப்பேன். சூடேறும்போது சோடா முதலில் ஆவியையும் கரியமில வாயுவையும் விட்டுச் சோடியம் கார்பனேட்டாகும். இன்னும் மேலே போனால் அது கண்ணாடியோடு வினைபுரிந்து மறுபடி வாயுவை விடும். அதற்குள் மேல் தாள் படிந்து மூடியிருக்கும் என்பதால் வாயு அங்கேயே சிறைப்படும். ஊசியில் எடுக்கும் அளவு கொஞ்சம் கூடினால் பக்கத்துப் புள்ளிகள் கைகோத்துப் பெரிய கொப்புளமாகிவிடும், மேலும் கூடினால் கொப்புளம் வெடித்துப் பள்ளமாகும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும். பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்தால் கண்ணாடி மறைந்து புள்ளிகள் மட்டும் நிற்கும். வாடிக்கையாளர்கள் இதற்காகத்தான் என்னிடம் வருகிறார்கள்.

கிண்ணமாகவோ தட்டாகவோ வளைக்க வேண்டுமென்றால், தட்டையாக உருக்கிய கண்ணாடியை அச்சில் வைத்து மறுபடி 700 டிகிரி சுமாருக்கு ஏற்ற வேண்டும். அச்சு மண்ணாக இருந்தால் கண்ணாடி உள்ளே படிய வேண்டும். எவர்சில்வராக இருந்தால் கவிழ்த்து வைத்து மேலே படியவிட வேண்டும். மண் கண்ணாடியைவிடக் குறைவாகச் சுருங்கும், எவர்சில்வர் அதிகமாகச் சுருங்கும், ஆகவே இரண்டிலும் கண்ணாடி இறுகிக்கொள்ளாத பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். குயவரிடம் மெருகு பூசாத மண் தட்டு வாங்கி, அடியில் துளையிட்டு, சூளைத் தட்டுக்குப் பூசிய அதே பூச்சைப் பூசிக்கொள்ளுங்கள். துளை இல்லாவிட்டால் அடியில் மாட்டிய காற்று கண்ணாடியை மேலே தூக்கும்.

பிழைப்பு

ஒவ்வொரு சூளைக்கும், அதாவது ஒவ்வொரு முறை சுடுவதற்கும், ஒரு பக்கம் என்று நோட்டு வையுங்கள். கண்ணாடியின் கனம், எந்தப் பக்கம் மேலே, படிகள், வந்த குறைகள், மீட்டரில் ஓடிய யூனிட். கூடவே உள்ளங்கையளவு மாதிரித் துண்டு ஒன்றைச் சுட்டு, அதன் பின்புறத்தில் அந்தப் பக்க எண்ணைக் கீறிவையுங்கள். கட்டடக் கலைஞரைப் பார்க்கப் போகும்போது படம் நிறைந்த ஆல்பத்தைவிட இந்தத் துண்டுகள் உள்ள மரப்பெட்டிதான் வேலை வாங்கித் தரும். அவர்கள் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றைக் கீழே வைக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தால், ஆர்டர் அந்தத் துண்டுக்குத்தான்.

விலையைச் சதுர அடிக்கு இத்தனை என்று சொல்லாதீர்கள். கண்ணாடிக் கடை அப்படி விற்கலாம், நீங்கள் விற்றால் நஷ்டம். ஒரு சூளையில் எத்தனை பலகை ஏறும், ஒரு சூளைக்கு எத்தனை யூனிட், பூச்சு, தேய்மானம், உங்கள் கைவேலை நேரம், இவற்றோடு பத்தில் ஒன்றாவது பழுதாகும் என்ற கணக்கையும் சேர்த்துச் சூளைக்கு இவ்வளவு என்று வையுங்கள். இதற்காகத்தான் தனி மீட்டர் மாட்டச் சொன்னேன். பாதிப் பணம் முன்பணமாக வராமல் கண்ணாடியை வெட்டாதீர்கள்.

தேதி பேசும்போது ஆறும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு முறை ஒரு ஹோட்டல்காரர் திறப்பு விழாவை முன்னே தள்ளிவிட்டு, "இரண்டு நாள் முன்னாடியே தரக் கூடாதா, சூட்டைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் ஆகாதா?" என்று போனில் விடாமல் நச்சரித்தார். சூட்டைக் கூட்டினாலும் ஆறுவதற்கு அதே நேரம்தான் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரமாயிற்று. இப்போது என் விலைப்புள்ளியின் முதல் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கிறது.

உருக்கிய கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி அல்ல. பூஜை அறைக் கதவு, மாடிப்படித் தடுப்பு போன்று ஆள் மோதக்கூடிய இடங்களுக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள். இரு பக்கமும் டஃபன் கண்ணாடி வைத்து நடுவில் உங்கள் பலகை இருக்கட்டும், டஃபன் தாள்களை அளவு வெட்டி, துளையிட்ட பிறகே டஃபன் செய்யக் கொடுக்க வேண்டும். பொருத்தும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனை ஒதுக்கிவிட்டு நியூட்ரல் சிலிக்கோனைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். தச்சர் அழுத்தி நுழைக்கப் பார்ப்பார்.

கலைக்காட்சிகளில் இடம் கிடைக்கும்வரை வாடகைக்கு என்ன வழி? காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நிலைக்கு மேலே இருக்கும் பழைய வண்ணக் கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அளவெடுத்து மாற்றிக் கொடுக்கும் வேலைக்குச் சூளைகூடத் தேவையில்லை, நல்ல கட்டரும் பொறுமையும் போதும். பெயர்ப்பலகை வேலையும் வரும். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை, ஆனால் செய்கிறேன்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பீங்கான், கண்ணாடி வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வெளிநாட்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பில்சக் பள்ளி 1971 முதல் நடந்து வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் ஸ்டூடியோவும் குறுகிய காலப் பயிற்சிகள் தருகிறது. இரண்டிலும் உதவித்தொகை உண்டு, விண்ணப்பத்தில் அவர்கள் பார்ப்பது உங்கள் வேலையின் படங்களை. வெவ்வேறு பாணியில் இருபது பொருள்களை அனுப்புவதைவிட, ஒரே யோசனையைப் பல வகையில் துருவிப் பார்த்த படங்களை அனுப்புங்கள். ஜெர்மனியில் பிறந்த கண்ணாடிக் கலைஞர் கிளாஸ் மோயே பல பத்தாண்டுகள் வண்ணப் பட்டைகளை வெட்டி, அடுக்கி, உருக்கி, மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் கான்பெராவில் ஒரு கண்ணாடிப் பட்டறையை உருவாக்கினார். சூளைக் கண்ணாடிக்கு உலக அளவில் மதிப்பு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு வருடம் ஜன்னல் கண்ணாடியில் கழிந்து, துருவத் தாளில் பார்த்தால் உங்கள் பலகைகள் தொடர்ந்து கறுப்பாகவே தெரிகின்றன என்றால், வண்ணக் கண்ணாடி தருவிக்கலாம். சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் விரிவு எண் 90 என்று ஒரு வகையும் 96 என்று ஒரு வகையும் விற்கிறார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் வாங்குங்கள், இரண்டும் கலந்தால் உடையும். அவை ஜன்னல் கண்ணாடியோடும் சேராது. அவற்றின் ஆற்றும் சூடும் கீழே, 90 வகைக்கு 482 டிகிரி என்று அதைத் தயாரிக்கும் புல்ஸ்ஐ நிறுவனமே அட்டவணை தருகிறது. வந்த அன்றே தனி அலமாரியில் அடுக்கி, வெட்டி மிஞ்சும் ஒவ்வொரு துண்டிலும், விரல்நகம் அளவுத் துண்டானாலும், மார்க்கரால் எண்ணை எழுதிவிடுங்கள். எண் இல்லாத துண்டு எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் குப்பைக்குப் போகட்டும்.